16ஐவிட 12 பெரிதாகும் கணக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், கொஞ்ச நாளைக்கு முன் இரண்டு கடன் தாள்களோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஓவர்லொக் மெஷின் வாங்க 3 லட்சம் வேண்டும், ஒரு வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். "சேர், பேங்க்கில 16 வீதம் சொல்றாங்க. பினான்ஸ் கம்பனியில 12தான். அங்கேயே எடுக்கட்டா?" என்று கேட்டார். கம்பனித் தாளில் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி கூடப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நான் முதலில் தேடியது மாதத் தவணையை. வங்கித் தாளில் 27,219 ரூபாய். கம்பனித் தாளில் 28,000. வட்டி குறைவான இடத்தில் தவணை கூட! அக்கா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கம்பனி சொன்ன 12, ஃபிளாட் ரேட். அதாவது, கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் ஆரம்பத் தொகைக்கே கடைசிவரை வட்டி. 3 லட்சத்துக்கு 12 வீதம் 36,000. அதை முதலோடு கூட்டி 12 மாதத்துக்குப் பிரித்தால் 28,000. பெருக்கலும் வகுத்தலும் சரிதான். ஆனால் அந்தத் தவணையில் மாதாமாதம் 25,000 முதலும் சேர்ந்தே திரும்பிப் போகிறது. பதினொரு தவணை கட்டியபின் அவர்களுடைய காசு உங்களிடம் 25,000தான் இருக்கும். அப்போதும் அந்தக் கடைசி மாதத்துக்கு வட்டி 3,000. இருபத்தையாயிரத்துக்கு ஒரு மாத வட்டி மூவாயிரம் என்றால் தெருவில் வட்டிக்குக் கொடுப்பவரிடம்கூட யோசித்துத்தான் வாங்குவோம்.

வங்கி வட்டி போடுவது மீதிக் கடனுக்கு மட்டும். முதல் மாதம் 3 லட்சத்துக்கு 4,000. தவணையில் மிச்சம் 23,219 கடன் தொகையிலிருந்து கழியும். அடுத்த மாதம் 2,76,781க்குத்தான் வட்டி, 3,690 ரூபாய். இப்படியே இறங்கி, வருட முடிவில் மொத்த வட்டி ஏறக்குறைய 26,630. கம்பனியில் 36,000. வங்கி அளக்கும் அதே முறையில் அளந்தால் கம்பனியின் 12 உண்மையில் 21.5 வீதத்துக்குக் கிட்ட வரும். ஆவணச் செலவு என்று 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 2,94,000ஐக் கையில் தந்தால் அது 25ஐத் தாண்டிவிடும்.

ஒன்றிலிருந்து மூன்று வருடக் கடனென்றால் ஃபிளாட் ரேட்டை 1.7 அல்லது 1.8ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட உண்மை வீதம் வரும். துல்லியமாக வேண்டுமென்றால் எக்செலில் ரேட் என்ற சூத்திரம் இருக்கிறது. மாதங்கள், தவணை, கையில் கிடைத்த தொகை, இந்த மூன்றும் போதும். தவணைக்கு முன் கழித்தல் குறி போடுங்கள், வரும் மாத வீதத்தை 12ஆல் பெருக்குங்கள்.

இன்னொன்று. இந்தக் கம்பனிக் கடனை ஆறு மாதத்தில் முடித்தால் பாதி வட்டி, அதாவது 18,000, மிச்சம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அப்படி இல்லை. இடையில் முடிக்கும்போது வட்டியை மாதத்துக்கு 3,000 என்று சமமாகப் பிரிக்காமல், மீதிக் கடனுக்கு ஏற்பத்தான் பிரிப்பார்கள். கடன் பெரிதாக இருக்கும் முதல் ஆறு மாதத்திலேயே சுமார் 26,000 வட்டியாகப் போயிருக்கும். மிஞ்சுவது 10,000 அளவுதான். முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் இருந்தால் அதுவும் கரையும். கையெழுத்து வைக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வீதத்தை ஒரே நாளில் 7.5இலிருந்து 14.5க்கு உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் அப்போது பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அதனால் 'தவணை மாறாது' என்ற பேச்சு இன்றும் காதுக்கு இதமாக இருப்பது எனக்குப் புரிகிறது. சரி, மாறாத தவணை நல்லதுதான். அது வங்கியிலும் கிடைக்கும். அதற்காக ஃபிளாட் ரேட்டுக்குப் போகவேண்டிய தேவையில்லை.

அக்கா கடைசியில் வங்கியில்தான் எடுத்தார். இரண்டு பிணையாளர்களைத் தேட மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்தப் புள்ளடித் தாளின் பின்பக்கத்தில்தான் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தேன். மடித்துக் கொண்டுபோனார். அடுத்த வாரம் அவருடைய தங்கை வாட்ஸ்அப்பில் ஓட்டோ லீசிங் தாள் ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதிலும் தவணையை எங்கோ மூலையில் சின்ன எழுத்தில்தான் போட்டிருந்தார்கள்.