சோடியம் குறைந்த உப்பு யாருக்கு ஆகாது?

மறுபடியும் அதே கதை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 32. கை கால் சில்லிட்டு, அரை மயக்கத்தில் இருக்கும் பெரியவரை மகனும் மருமகளும் தாங்கிப் பிடித்து அழைத்து வருகிறார்கள். இசிஜியில் இதயத்தின் மேலறைகளின் சிற்றலையைக் காணோம். கீழறைகளின் அலை அகன்று பட்டையாகக் கிடக்கிறது. “பேஸ்மேக்கர் வைக்க வேண்டுமா டாக்டர்?” என்று மகன் பதறுகிறார். ரத்தப் பரிசோதனை முடிவில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.9 மில்லிமோல். இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை.

பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை. நரம்பு வழியே கால்சியம் ஏற்றிய சில நிமிடங்களில் அகன்ற அலை ஒடுங்கியது. கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்தைக் காத்துக் கொஞ்சம் அவகாசம் மட்டும் வாங்கித் தரும். பிறகு பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ள குளுக்கோஸுடன் இன்சுலின், அதன் பின் அதை வெளியேற்ற டயாலிசிஸ். அவர் பிழைத்துக்கொண்டார். இந்த நிலையில் வருகிற எல்லோரும் பிழைப்பதில்லை.

இதயச் செயலிழப்புக்கு, அதாவது இதயம் ரத்தத்தை இறைக்கும் திறன் குறைந்ததற்கு, ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். மருமகள் அக்கறையோடு, விலை கூடுதல் என்றாலும் பரவாயில்லை என்று, சோடியம் குறைந்த உப்பு வாங்கிச் சமைத்திருக்கிறார். வெயில் காலம் என்பதால் தினமும் இளநீர். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. இதில் எதையும் யாரும் அலட்சியத்தால் செய்யவில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமாகிறது.

அந்த உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு முறையாவது படித்துப் பாருங்கள். சோடியத்தைக் குறைக்க வேண்டும், ஆனாலும் நாக்குக்கு உப்புக் கரிக்க வேண்டும் என்றால் அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? பெரும்பாலும் அது பொட்டாசியம் குளோரைடு. அதில் ஒரு கிராமுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. ‘உப்பைக் குறையுங்கள்’ என்றால் அளவைக் குறையுங்கள் என்று பொருள். உப்பை மாற்றச் சொல்லவில்லை. ஊறுகாயை நிறுத்துங்கள், அப்பளத்தை விடுங்கள், மோரில் உப்பு போடாதீர்கள். அவ்வளவுதான். இதைச் சொன்னால், “அப்படியானால் இந்துப்பு?” என்று அடுத்த கேள்வி வரும். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறம் இளஞ்சிவப்பாக இருப்பதால் இதயத்துக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது.

“சோடியம் குறைந்த உப்பு நல்லது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்களே” என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. போட்டது பொய்யில்லை. சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. அந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதமும் மரணமும் குறைந்தன. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றே சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லது செய்யும் உப்பு உங்களுக்கு நல்லது செய்ய வேண்டியதில்லை.

இதயம் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வலது மேலறையில் சைனஸ் கணு. அங்கே எழும் துடிப்பு, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே உள்ள ஏவி கணுவில் ஒரு கணம் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் ஏறத்தாழ 140, வெளியே 4. இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் மின்னோட்டமே நடக்கிறது. வெளியே 4 இருக்க வேண்டிய இடத்தில் 8 வந்தால் ஓட்டம் மந்தமாகி, அகன்று, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது. சிலருக்குக் கால்கள் தளரும்; வயது காரணம் என்று விட்டுவிடுவார்கள்.

மிச்சமாகும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. ரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தருகிற ரேமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், வல்சார்ட்டான், சக்குபிட்ரில் சேர்ந்த மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், எப்லெரினோன் ஆகியவை அந்த வெளியேற்றத்தைக் குறைப்பவை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையே முடக்கக்கூடும். பொட்டாசியம் ஏறி, சிறுநீரகமும் சோர்ந்தால், துடிப்பைக் குறைப்பதற்காகக் கொடுத்த மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர், சாதாரண அளவிலேயே துடிப்பை 30க்கு இறக்கிவிடக்கூடும். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழும்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை மாத்திரையைக் குப்பையில் போட்டால் அது இதைவிடப் பெரிய மடத்தனம். கடுமையான இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோன் மரணத்தை 30 சதவீதம் குறைத்தது என்று 1999இல் நிரூபணமானது. அந்த ஆய்வு வந்த பிறகு கனடாவின் ஒண்டாரியோவில் மருத்துவர்கள் அந்த மாத்திரையை ஏராளமாக எழுதிக் கொடுத்தார்கள். பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களும் இறந்தவர்களும் அதிகமானார்கள். ஆய்வில் இருந்த கண்காணிப்பு ஊருக்குள் இல்லை. மருந்தைச் சாப்பிடுங்கள், ரத்தத்தைப் பாருங்கள்: இரண்டும் சேர்ந்ததுதான் வைத்தியம்.

மாத்திரை தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் மறுபடியும். பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறக்காதீர்கள், அளவு பொய்யாக ஏறிக் காட்டும். வாந்தி, பேதி வந்தால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். சில மாத்திரைகளை அவர் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம். மூட்டு வலியா, எந்த மாத்திரை பாதுகாப்பானது என்று அவரிடமே கேளுங்கள். மருந்துக்கடைத் தம்பிக்கு உங்கள் கிரியாட்டினின் தெரியாது. நீர் மாத்திரையோடு எப்போதோ எழுதிய பொட்டாசியம் சிரப்பைப் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக் குடித்துக்கொண்டே இருக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அந்தச் சீட்டை அடுத்த முறை கொண்டுவந்து காட்டுங்கள்.

இளநீர் குடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஒன்றிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கக்கூடும். இந்த மாத்திரைகளோடு தினமும் வேண்டாம். எப்போதாவது ஒன்று சரிதானா என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனை சொல்லும். மரத்தில் காய்த்தது என்பதற்காகச் சிறுநீரகம் அதற்கு விலக்குக் கொடுப்பதில்லை.

துடிப்பு 50க்குக் கீழே இறங்கி, தலை சுற்றினாலோ கால் துவண்டாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையோடு எடுத்து வாருங்கள், மூட்டுவலிக்கு வாங்கியதையும் சேர்த்து. “வெள்ளையாக, சின்னதாக இருக்கும் டாக்டர்” என்று நள்ளிரவில் சொன்னால் எங்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பாதி மாத்திரைகள் வெள்ளையாக, சின்னதாகத்தான் இருக்கின்றன.