மருந்தடித்தும் மாட்டுண்ணி ஏன் போவதில்லை?

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் எந்தப் பால் சொசைட்டிக்குப் போனாலும் இந்தப் புலம்பல் காதில் விழும்: "போன வாரந்தானுங்க மருந்தடிச்சேன், மறுபடியும் மடியெல்லாம் அப்பிக் கெடக்குது." பழி பெரும்பாலும் மருந்துக்கடை மேல் விழுகிறது. உண்ணியின் வாழ்க்கையைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும்.

மாட்டின் மேல் உண்ணி இருப்பது ஏறக்குறைய 3 வாரந்தான். ரத்தம் குடித்துக் கொட்டமுத்து மாதிரி ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் இடுக்கிலோ சாணிக்கடியிலோ 2,000-க்கும் மேல் முட்டையிட்டுச் செத்துப்போகும். பொரிந்த குஞ்சுகள் புல்நுனியில் ஏறிக் காத்திருக்கும். மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். ஆக, நம் மாட்டில் தெரிவது மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். கையால் பிடுங்கிய உண்ணியைக் கட்டுத்தரையிலேயே வீசுகிறவர்கள் அதற்கு முட்டையிட இடம் கொடுக்கிறார்கள்.

இந்த உண்ணி மாட்டுக்கு நோயும் பரப்பும் என்பதை உலகுக்கு நிரூபித்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க ஆய்வாளர் தியோபால்ட் ஸ்மித். அமெரிக்காவில் தெற்கத்தி மாடுகள் வந்துபோன இடத்தில் வடக்கத்தி மாடுகள் ரத்தமாக மூத்திரம் பெய்து செத்தன. உண்ணிதான் காரணம் என்று மாடு வளர்த்தவர்களில் சிலர் சொன்னதைப் படித்தவர்கள் நம்பவில்லை. ஸ்மித்தும் அவரோடு வேலை செய்த கால்நடை மருத்துவர் கில்போர்னும் 1889 முதல் வேலி போட்டுச் சோதித்தார்கள். உண்ணியைப் பொறுக்கி நீக்கிய தெற்கத்தி மாடுகளோடு அடைத்த வடக்கத்தி மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெற்கத்தி மாடே இல்லாமல் உண்ணியை மட்டும் தூவிய நிலத்தில் நோய் வந்தது. நோய்க்கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. பூச்சியினத்தின் உறவுக்கார உயிர் ஒன்று நோய் பரப்புவதற்கு 1893-ல் வெளியான இந்த ஆய்வே முதல் உறுதியான சான்று. ஸ்மித் சோதித்த அதே இன உண்ணி கேரளத்து மாடுகளிலும் ஏராளம்.

1906-ல் அமெரிக்காவில் உண்ணி ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மாடுகளை 14 நாளுக்கு ஒருமுறை ஆர்செனிக் தொட்டியில் முக்கினார்கள். 3 வாரத்துக்குள் அடுத்த முக்கல் வந்துவிடுவதால் எந்த உண்ணியும் முதிர்ந்து விழ முடியாது. 1943-க்குள் மெக்சிகோ எல்லையோரம் தவிர மற்ற இடங்களில் ஒழித்தார்கள். ஆர்செனிக் கொடிய நஞ்சு, அது நமக்கு வேண்டாம். அந்த நாள் கணக்குதான் வேண்டும்.

இன்று நாம் அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் உண்ணியின் நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடும். நரம்பு ஓயாமல் துடித்து, உடல் முடங்கிச் சாகும். அந்த வாசலின் அமைப்பு பிறவியிலேயே சற்று மாறிய உண்ணிகள் சில உண்டு; அவற்றுக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. மருந்தைத் தண்ணியாகக் கலந்து முதுகில் மட்டும் அடித்தால் பாதி எதிர்ப்பு உள்ளவையும் தப்பிப் பெருகும். லேபிளில் போட்ட அளவில், காதுக்குள், வாலடி, தொடையிடுக்கு, மடி என எல்லா இடமும் நனைய வேண்டும். கறந்த பிறகு அடியுங்கள். கழுவிய நீர் வாய்க்காலில் சேரவே கூடாது, மீன் சாகும்.

சரியாக அடித்தும் கேட்காவிட்டால், ஊதிய உண்ணிகள் சிலவற்றைக் காற்றோட்டமுள்ள டப்பாவில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொடுக்கலாம். ஆய்வகத்தில் அவற்றை எடைபோட்டு, 2 நிமிடம் மருந்தில் முக்கி, எத்தனை செத்தன, எவ்வளவு முட்டையிட்டன, அவை பொரிந்தனவா என்று பார்ப்பார்கள். செத்த கணக்கு மட்டும் போதாது. உயிரோடிருந்தும் முட்டை பொரியாவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்றே பொருள். பொரிந்தால், நரம்பில் வேறிடத்தைத் தாக்கும் அமிட்ராஸ் போன்ற மருந்துக்கு மாற மருத்துவர் சொல்வார்.