டாரட் சீட்டில் கண் எங்கே போகிறது?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஏற்காட்டுக்குப் போயிருந்தப்போ ஒருத்தர் டாரட் பார்த்தார். புத்தகம் எதையும் புரட்டலை. ‘படத்தைப் பாருங்க, என்ன தோணுதோ சொல்லுங்க’ன்னு மட்டும்தான் கேட்டார். கொஞ்ச நேரத்துல, நான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லாத வேலைப் பிரச்சினை வெளியே வந்துடுச்சு. இது எப்படி?”

டாரட் என்பது படச் சீட்டுகளை எடுத்துப் பலன் சொல்லும் முறை. அந்தச் சீட்டின் பூர்வீகத்தை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒரு சீட்டுக்கட்டில் 78 சீட்டுகள். 22 ‘பெரிய’ சீட்டுகள் (அளவில் அல்ல, அந்தஸ்தில்); மீதி 56, கோப்பை, வாள், கோல், காசு என இனத்துக்கு 14. இவை 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாடுவதற்காகப் பிறந்தவை. எகிப்திய ரகசிய ஞானம் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்ற கதையை 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பிவிட்டார். அன்றைக்கு எகிப்தின் சித்திர எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அதன் முடிச்சை அவிழ்த்தது 1822இல்.

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டு. ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் ‘கோப்பை 5’ என்றால் ஐந்து கோப்பைகள் வரைந்திருக்கும், அவ்வளவுதான். நாடக மேடை வேலை தெரிந்த பமீலா ஒவ்வொரு எண் சீட்டையும் மனிதர்கள் நிற்கும் காட்சியாக்கினார். முகங்களுக்குச் சில கோடுகள்தான். பலருடைய முகத்தில் இருப்பது அழுகையா யோசனையா என்று அடித்துச் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்தே பலன் சொல்லும் முறை நிற்பது இந்த நிச்சயமின்மையின் மேல்தான்.

அந்தக் கோப்பை 5ஐயே எடுத்துக்கொள்வோம். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். அவர் முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. தூரத்தில் ஓர் ஆறு, ஒரு பாலம், அக்கரையில் சின்னக் கோட்டை. “போட்ட பணம் திரும்புமா?” என்ற கவலையோடு வந்தவர் கொட்டிக் கிடப்பதைப் பார்க்கிறார். “பெங்களூருக்கே போயிடலாமா?” என்று யோசிப்பவர் பாலத்தைப் பார்க்கிறார். படம் ஒன்றுதான்.

காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழி மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். அது பிடிக்கும் பரப்பு ஏறத்தாழ 2 பாகை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவுகிறது. தாவிய இடத்தில் கால் நொடி போல நிற்கிறது. முழுப் படத்தையும் ஒரே வீச்சில் பார்த்துவிட்டதாக நமக்குத் தோன்றுவது மூளை ஒட்டுப்போட்டுத் தருவது.

அடுத்து எங்கே தாவுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அல்பிரட் யார்பஸ் என்ற ரஷ்ய விஞ்ஞானியின் பதில் எனக்கு மிகப் பிடித்தது. விழிமேல் சிறு கருவியை ஒட்டி, பார்வை போகும் தடத்தைப் பதிவு செய்தார். நெடுநாள் கழித்து ஒருவர் வீடு திரும்பும் காட்சியை இல்யா ரேபின் வரைந்திருக்கிறார். அந்த ஓவியத்தை ஒரே ஆளிடம் ஏழு முறை காட்டினார், ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம். முதலில் சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு, இவர்களுக்கு வயது என்ன? பார்வை முகம் முகமாகத் தாவியது. குடும்பம் வசதியானதா? பார்வை உடைக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் போனது. வந்தவர் எத்தனை நாள் வெளியே இருந்தார்? முகங்களுக்கிடையே மாறி மாறி ஓடியது. ஏழு முறைக்கும் ஏழு தடம்.

டாரட் மேசையிலும் இதுதான். கேள்வி கண்ணை ஓட்டுகிறது; கண் நின்ற இடம் ஒரு நினைவைக் கிளப்புகிறது; வாய் அதைக் கதையாகச் சொல்கிறது. கண் போகாத இடங்களை நாம் உணர்வதே இல்லை. அதனால் சீட்டே நம் மனசைச் சொன்னது போல இருக்கிறது.

குறைந்த தகவலிலிருந்து ஆளை உருவாக்குவது மூளையின் பழைய பழக்கம். மூடுபனியில் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, எஸ்டேட் ஓரத்து சில்வர் ஓக் மரம் ஆள் நிற்பது போலத் தெரியும். மரத்தை ஆளென்று நினைத்தால் நஷ்டம் குறைவு; ஆளை மரமென்று நினைத்தால் ஆபத்து. மலைப்பாதைப் பேய்க் கதைகளில் பாதி இங்கே பிறந்தவை என்பது என் எண்ணம்.

டாரட் சீட்டை நன்றாகப் பார்க்க ஒரு முறை உண்டு. “நடக்குமா?” என்று கேட்காமல் “இதில் நான் எதைக் கவனிக்கவில்லை?” என்று கேளுங்கள். ஒரு சீட்டு எடுத்து, ஒரு நிமிடம் பேசாமல் பாருங்கள். முதலில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்: ஆள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், கையில் என்ன, தரையில் என்ன, பின்னணியில் என்ன. அர்த்தம் அப்புறம். பிறகு முதலில் கண் போன பகுதியை ஒரு விசிட்டிங் கார்டால் மூடிவிட்டு மீதியைப் பாருங்கள். கோப்பை 5இல் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கோப்பைகளைப் பலர் அப்போதுதான் கவனிப்பார்கள்.

கெடுவது எங்கே? பிடித்த சீட்டு வரும்வரை மறுபடி மறுபடி எடுப்பது ஒன்று. பலன் சொல்பவர் உங்கள் முகமாறுதலைப் படித்து “வேலை விஷயம்தானே?” என்று எடுத்துக்கொடுப்பது இன்னொன்று; அதன்பின் கண் அங்கேயேதான் போகும். “பெரிய சீட்டு வந்திருக்கு, பெரிய மாற்றம் வரும்” என்பதையும் நம்ப வேண்டாம். மூன்று சீட்டு எடுத்தால் ஒன்றாவது பெரிய சீட்டாக இருக்க 64 சதவீத வாய்ப்பு உண்டு. பொதுவாகச் சொன்னதைத் தனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்வதும் மனித இயல்பு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரே குண விவரத்தைத் தனித்தனியாகக் கொடுத்தார். அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5க்கு 4.26.

எதிர்காலம் சீட்டில் இல்லை. நோய்க்கும் கல்யாணத்துக்கும் இதைக் கேட்டு முடிவெடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கிளி ஜோசியத்தில் கூடுதலாக ஒரு கொடுமை: பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆனால் படத்துக்கும் கண்ணுக்கும் நடுவே நடப்பது அசல் அறிவியல். நம் ஊர் கல்லூரிகளில் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய தொகைகூடத் தேவையில்லை. நாற்பது மாணவர்களுக்குக் கோப்பை 5ஐக் காட்டுங்கள். பாதிப்பேருக்கு இழப்பு பற்றிய கேள்வி, பாதிப்பேருக்குப் பயணம் பற்றிய கேள்வி; யாருக்கு எது என்பதைக் குலுக்கிப்போட்டு முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் முதலில் சொன்ன மூன்று பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக் கணக்கிடுபவருக்கு மட்டும், எந்தத் தாள் எந்தக் கேள்விக்கு எழுதியது என்று தெரியக்கூடாது.