மக்கள்–சூழல் புவியியல்: பெயரும் பொருளும்

பல்கலைக்கழக வேலை அறிவிப்புகளிலும் ஆய்வேட்டுத் தலைப்புகளிலும் 'ஹியூமன்–என்விரான்மென்ட் ஜியாகிரபி' என்ற பெயர் வருவதுண்டு. புவியியலின் ஒரு பிரிவு இது. மக்கள் தாங்கள் வாழும் நிலத்தையும் நீரையும் கரையையும் எப்படி மாற்றுகிறார்கள், மாறிப்போன நிலமும் நீரும் அவர்கள் பிழைப்பை எப்படி மாற்றுகின்றன, அதில் ஆதாயம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்று இடத்தை வைத்து ஆராய்வது இதன் வேலை. தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டால் நாலு பெயர் வரும்: மானிடப் புவியியல், சுற்றுச்சூழல் புவியியல், மனிதச் சூழல் புவியியல், மனித சூழல் புவியியல். நாலும் ஒரே பொருள் தருவதில்லை. எதை எடுப்பது என்று பார்ப்பதற்கு முன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புதுச்சேரிக் கடற்கரையே போதும்.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கருங்கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. தென்மேற்குப் பருவ மாதங்களில் அலைகள் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே கொண்டுவரும். ஆண்டுக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சோழமண்டலக் கரை மீனவர் பேச்சில் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதற்கு வன்னி என்றும் தனித்தனிப் பெயர் உண்டு. குறுக்கே சுவர் வந்ததும் தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் மணற்கரை காணாமல் போனது. நகரைக் காப்பாற்றக் கரை நெடுகக் கல் போட்டார்கள். அரிப்பு அங்கே நிற்கவில்லை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. அங்கேயும் கல், மணலைப் பிடித்துவைக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவு. பின்னாளில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஓர் எஃகு அமைப்பை இறக்கினார்கள். அதன் அருகே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது.

மணல் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது கடற்பொறியாளர் வேலை. சேதத்தை ரூபாயில் கணக்கிடுவது பொருளியலாளர் வேலை. நாம் பேசும் துறை இந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு வேறு கேள்விகளைக் கேட்கும். கரைவலை இழுக்க அகலமான மணற்கரை வேண்டும். கரை போனபின் அந்த வலைக்காரர்கள் எந்தத் தொழிலுக்குப் போனார்கள்? கட்டுமரத்தையும் படகையும் எங்கே ஏற்றி வைக்கிறார்கள்? மீன் காயவைத்துக் கருவாடு விற்ற பெண்களுக்குக் களம் எது? கட்டியது ஒரு நிர்வாகம், கரை இழந்தது இன்னொரு நிர்வாகத்தின் கீழுள்ள ஊர் என்றால், நிவாரணம் கேட்டு மனு யாரிடம் போகும்? அலையும் கல்லும் சட்டமும் சாதியும் சந்தையும் ஒரே வரைபடத்தில் வந்து நிற்பது இங்கேதான். என்னைக் கேட்டால் இந்தத் துறை படிக்கத் தகுந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இனி சொற்கள். 'ஜியாகிரபி' கிரேக்கச் சொல். 'கே' என்றால் நிலம், 'கிராபெய்ன்' என்றால் எழுதுதல். நிலத்தை எழுதுவது என்று பொருள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இதைத் துறைப்பெயராக்கினார். தமிழில் முதலில் வந்தது பூகோளம். வடமொழியில் பூ, கோளம்: மண் உருண்டை. அது பொருளின் பெயர்; பூகோள சாஸ்திரம் என்பது சுருங்கிப் பாடத்துக்கே பூகோளம் என்றாகிவிட்டது. வயதானவர்கள் இன்றும் 'சரித்திரம் பூகோளம்' என்று சேர்த்தே சொல்வார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பிலும் வரலாறும் புவியியலும் ஒரே பாடம்தான், ஒரே ஆசிரியர்தான் நடத்துவார். பின்னர் தமிழ்வழிப் பாடநூல்களில் புவியியல் நிலைத்தது. 'புவி'யும் வடமொழி வழி வந்ததுதான் என்று சொல்லி 'நிலவியல்' என்று மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் நிலவியல் இப்போது பாறையையும் கனிமத்தையும் படிக்கும் துறைக்குப் போய்விட்டது. புவியியலை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்தது 'என்விரான்மென்ட்'. பிரெஞ்சில் 'அன்விரோன்' என்றால் சுற்றி. இந்தத் துறையை வளர்த்த பழைய பிரெஞ்சுக்காரர்கள் அதிகம் பயன்படுத்தியது வேறு சொல்: 'மில்யூ'. நடு, இடம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. 'என்விரான்மென்ட்' என்பதில் மனிதர் நடுவில் நிற்க மற்றதெல்லாம் வெளியே சுற்றி நிற்கிறது. 'மில்யூ' என்பதில் மனிதரே அதன் நடுவே இருக்கிறார். தமிழில் சூழல். சூழ் என்ற வினைக்குச் சுற்றுதல் என்ற பொருளோடு ஆலோசித்தல் என்ற பொருளும் பழமையானது. குறள் 445இல் வரும் 'சூழ்வார்' ஆலோசனை சொல்கிறவர்கள்தான். சூழ்ச்சி என்ற சொல்லும் முதலில் அந்த நல்ல பொருளில்தான் இருந்தது. சுற்றுச்சூழல் என்பதில் சுற்றும் சூழலும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன. பழகிவிட்டது, தவறில்லை. ஆனாலும் துறைப்பெயருக்குச் சூழல் என்ற ஒரு சொல்லே போதும்.

மக்களையும் சூழலையும் எப்படி இணைப்பது என்பதில்தான் துறையின் முழு வரலாறும் இருக்கிறது. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ராட்சல் 1882இல் மானிடப் புவியியலுக்குப் பெரிய நூல் எழுதியபோது, நிலமும் தட்பவெப்பமும் மக்களை உருவாக்குகின்றன என்ற பக்கம் கனமாக இருந்தது. அவரைப் பின்பற்றியவர்கள் அதை இன்னும் இறுக்கி, வெப்பநாட்டு மக்கள் சோம்பேறிகள் என்று எழுதும் அளவுக்குப் போனார்கள். பேரரசுகளுக்கு வசதியாக இருந்த வாதம் அது. பிரான்சில் பால் விடால் தெ லா பிளாஷ் வேறு பக்கம் நின்றார்: நிலம் சில வாய்ப்புகளைத் தருகிறது, அவற்றில் எதை எடுப்பது என்று தேர்ந்து ஒரு வாழ்முறையை அமைத்துக்கொள்வது மக்கள். அமெரிக்காவில் கில்பர்ட் ஒயிட், 1945இல் வெளியான தன் வெள்ள ஆய்வில், வெள்ளம் கடவுள் செயல், வெள்ளச் சேதம் பெரும்பாலும் மனிதர் செயல் என்று எழுதினார்.

கடலூர்க்காரர்களுக்கு ஒயிட் சொன்னதை விளக்க வேண்டியதில்லை. பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலுக்கு வந்து சேரும் மாவட்டம் இது. 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. மழை எல்லார் தலையிலும் பெய்தது. ஓடையோரம் யார் வீடு இருந்தது, ஏன் அங்கே இருந்தது என்பதற்கு மழை பொறுப்பாகாது. 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயலும் இப்படித்தான். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தோப்பு வைத்திருந்தவருக்கு நிவாரணம் கேட்க வழி இருந்தது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும், முந்திரிக்கொட்டை உடைத்துக் கூலி வாங்கிய பெண்களுக்கும் மரம் சொந்தமில்லை. புதுக்கன்று காய்ப்புக்கு வரும்வரை அந்தக் குடும்பங்கள் என்ன செய்தன என்பது முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி.

ஆங்கிலத்தில் இந்தப் பிரிவுக்கு முன்பு 'மேன்–லேண்ட்' மரபு என்று பெயர். 1964இல் வில்லியம் பாட்டிசன் புவியியலின் நான்கு மரபுகளை வகுத்தபோது அதில் ஒன்றாக இதை வைத்தார். ஆண்களை மட்டும் குறிக்கும் 'மேன்' என்ற சொல் பின்னால் விலகியது, நிலம் சூழலாக விரிந்தது.

சரி, நாலு தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். மானிடப் புவியியல் பெரிய குடை. மக்கள்தொகை, நகரம், வணிகம், பண்பாடு எல்லாம் அதன் கீழ் வரும், நம் துறை அதில் ஒரு பகுதியாகத்தான் அடங்கும். சுற்றுச்சூழல் புவியியல் என்றால் இன்றைய காதுக்கு மாசு, மரம் நடுதல், சட்ட அனுமதி என்று கேட்கிறது, மக்கள் நழுவிவிடுகிறார்கள். மனிதச் சூழல் புவியியல் என்று 'ச்' போட்டால் இலக்கணப்படி மனிதருடைய சூழல் என்று பொருளாகிவிடும். இங்கே வேண்டியது மனிதரும் சூழலும் என்ற உம்மைத்தொகை. செடிகொடி, இரவுபகல் என்பவற்றில் வல்லினம் மிகாதது போல இங்கும் மிகக் கூடாது. அந்த ஓர் எழுத்தில் இரண்டு பக்க உறவு ஒரு பக்க உடைமையாக மாறிவிடுகிறது. மனித சூழல் இலக்கணப்படி சரி, ஆனால் ஒற்று விட்டுப்போனதோ என்று மெய்ப்புத் திருத்துகிறவர் 'ச்' சேர்த்துவிடுவார்.

அதனால் நான் மக்கள்–சூழல் புவியியல் என்று இடையில் கோடு போட்டு எழுதச் சொல்வேன். மக்கள் ஆண் பெண் பாராத சொல், பன்மைச் சொல். துறை பார்ப்பதும் தனி மனிதனை இல்லை, குடும்பம், குப்பம், ஊர் என்ற கூட்டங்களை. மக்களுடைய சூழல் என்ற பொருள் வேண்டுமானால், மக்கட்பேறு போல, மக்கட்சூழல் என்று பழைய புணர்ச்சியே தனி வழி தருகிறது. திணை என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே என்பவர்களும் உண்டு. முதல், கரு, உரி என்ற வகுப்பில் நிலமும் பொழுதும் தொழிலும் ஒழுக்கமும் ஒன்றாக வருவது பெரிய சிந்தனைதான். ஆனால் திணையில் எந்த நிலத்துக்கு எந்த ஒழுக்கம் என்று செய்யுள் மரபு முன்பே வகுத்துவிட்டது. தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையன் நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம் என்பதைக் களத்தில் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதைத் தொழிலாக எடுக்க விரும்புகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கல்லூரி ஆசிரியராவதற்கான தகுதித் தேர்வான பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் இந்தப் பெயரில் தனிப் பாடம் இல்லை. புவியியல் பாடத்தில்தான் எழுத வேண்டும். அதன் பத்து அலகுகளில் ஒன்று சூழலின் புவியியல். முதுகலை, நெட் அல்லது அதன் மாநில அளவுத் தேர்வான செட், முனைவர் பட்டம், அப்புறம் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்பது ஏணி. வகுப்பு நடத்துவது பாதி வேலை. மீதியில் செயற்கைக்கோள் படமும் இருக்கும், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற பயிர்க் கணக்கும் நிலத்தின் புலப்படமும் பார்ப்பதும் இருக்கும், திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டி சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும் இருக்கும். கடைசி வேலைக்கு நல்ல தமிழ் வேண்டும். தெண்டி என்று மீனவர் சொன்னதைத் தென்றல் என்று குறித்துக்கொண்டு போனால் ஆய்வே கோணலாகிவிடும். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியத் தாவரங்களை வரைபடமாக்கிய இடம். அந்தப் படங்கள் இந்தத் துறை மாணவருக்குப் புதையல். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, பிச்சாவரம் சதுப்புக்காடு பக்கத்திலேயே. சென்னையில் 1926இலேயே புவியியலாளர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். பின்னர் அது இந்தியப் புவியியல் சங்கம் ஆனது.

துறையில் இருப்பவரை மக்கள்–சூழல் புவியியலாளர் என்று எழுதலாம். பேச்சில் கோடு கேட்காது என்பதால் மேடையிலும் வகுப்பிலும் 'மக்களும் சூழலும் பற்றிய புவியியல்' என்று உம் போட்டே சொல்லிவிடுவது நல்லது. ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்திலும் முதல் முறை இப்படி விரித்தெழுதிவிட்டு, அடுத்த இடத்திலிருந்து மக்கள்–சூழல் புவியியல் என்று சுருக்கிக்கொள்ளலாம்.