ஊறிய கை ஏன் வெடிக்கிறது?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கழுவி, செதில் சீவி, அரிந்து கொடுக்கும் பெண்களின் கைகளைக் கொஞ்சம் கிட்டே பாருங்கள். விரலிடுக்கு வெளுத்து ஊறியிருக்கும். முட்டியின் மேல் மெல்லிய வெடிப்புகள் குறுக்கே ஓடும். நகத்தடிச் சதை சிவந்து தடித்திருக்கும். கடற்கரை ஊர், காற்றிலேயே ஈரம், இங்கே தோல் எப்படி வறளும் என்று பலரும் கேட்கிறார்கள். வறளவைப்பதே ஓயாத ஈரம்தான்.

நம்மைக் காக்கிற அடுக்கு தோலின் ஆக மேலே இருக்கிறது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அத்தனையும் இறந்த செல்கள். செங்கல்லும் சாந்தும் போல என்று 1975இல் ஆலன் மைக்கேல்ஸ் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார்: தட்டையான செல்கள் செங்கல், இடையில் உள்ள கொழுப்பு சாந்து. அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடு என்ற வகை, மீதியில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியே இருக்கும் கிருமியும் ரசாயனமும் உள்ளே நுழையாமலும் தடுப்பது பெரும்பாலும் இந்தக் கொழுப்புதான்.

மணிக்கணக்கில் தண்ணீரில் கை இருந்தால் அந்தச் செல்கள் உப்புகின்றன, கொழுப்பு அடுக்குகள் குலைகின்றன. செல்லுக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களும் கரைந்து வெளியேறிவிடுகின்றன. அப்புறம் கையைத் துடைத்துக் காயவைத்ததும், முன்பைவிட வேகமாக நீர் ஆவியாகிறது. மீன், இறால் சாற்றில் உள்ள புரதங்கள் அந்த இடைவெளி வழியே நுழைந்து சிலருக்கு அரிப்பையும் ஒவ்வாமையையும் கிளப்புகின்றன.

இதற்கு மேல்தான் சோப்பு வருகிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 5ஐ ஒட்டி இருக்கும் (பிஎச் 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரண சோப்பு 9, 10. செராமைடை உருவாக்கும் நொதிகளுக்கு அமிலம் வேண்டும். செல்களைப் பிரித்து உதிரவைக்கும் நொதிகளுக்கோ காரம் கிடைத்தால் கொண்டாட்டம். அதனால் கட்டுகிற வேலை மந்தமாகி, இடிக்கிற வேலை வேகமெடுக்கிறது. பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் துணி துவைக்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

“எலுமிச்சம்பழம் தேச்சாதான் கவிச்சி போவுது, எரிஞ்சா எரியட்டும்” என்பார்கள். கவிச்சி போவது உண்மை. அந்த வாடைப் பொருளை அமிலம் ஆவியாகவிடாமல் கட்டிவிடுகிறது. ஆனால் வெடித்த தோலில் அது புண்ணைக் கிளறும். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் உட்கார்ந்தால் கருந்திட்டும் விழலாம். கத்திக்கும் பலகைக்கும் தேய்த்துக்கொள்ளுங்கள், கைக்கு வேண்டாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பழுதுபார்க்கும் நேரம். கொழுப்பு குறைந்ததுமே அடியில் உள்ள உயிருள்ள செல்கள் சேமித்துவைத்த கொழுப்பை வெளியே தள்ளத் தொடங்கிவிடும். ஆனாலும் சேதம் பலமாக இருந்தால், நல்ல இளம் தோலுக்கே முழுசாகத் தேற மூன்று நாள் வரை ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடும். மறுநாள் விடியற்காலையில் அதே கை மறுபடி ஐஸ் தண்ணீரில். தோல் எப்போதுதான் பிடித்து எழும்?

ஆகவே கிடைக்கிற இரவு நேரத்தை விடக்கூடாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு உட்பட ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே வாசலின் தடவுங்கள். அது செல்களுக்கு இடையே இறங்கி, கொழுப்பு விட்ட இடத்தில் நின்று நீர்போக்கைக் குறைக்கும். அடியில் நடக்கும் பழுதுவேலையைத் தடுக்காது. நீராவியே போகாதபடி பாலித்தீனால் இறுக்கி மூடினால் அந்த வேலையும் மந்தப்படும். வாசலின் இல்லையா, தேங்காய் எண்ணெயும் சரிதான். வேலைக்கு முன்னால் வேண்டாம், அரிவாள்மனையில் கை வழுக்கும். ரப்பர் கையுறை போட்டால் உள்ளே பருத்திக் கையுறை வேண்டும், வியர்த்து நனைந்ததும் மாற்றவும் வேண்டும்.

விரலிடுக்கு வெள்ளையாக உரிந்து அரித்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை பரவும், தோலும் மெலியும். கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் தோல் பிரிவுக்கோ போங்கள். போனால் கையைக் காட்டுவதோடு நிறுத்தாமல், என்ன வேலை, ஒரு நாளில் எவ்வளவு நேரம் கை நனைகிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.