ஆயில் லைட் எரிந்தால் கெட்டி ஆயில் ஊற்றாதீர்கள்

ஐந்து வாரத்தில் கெட்டுப்போய் என் பட்டறைக்கு வரும் மூன்றாவது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு) இது. மூன்றும் வீட்டு வாசலில் பிரித்து மாட்டிய இன்ஜின்கள். மூன்றிலும் வேலை முடிந்த சில நாளில், ஆயில் பிரஷர் விழுந்ததைச் சொல்லும் சிவப்பு ஆயில் லைட் எரிந்திருக்கிறது. மூன்று பேரும் அடுத்துச் செய்ததும் ஒரே காரியம்தான். கடைக்குப் போய் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள்.

நேற்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி இழுத்து வந்த டீசல் காரைச் சொல்கிறேன். ஸ்பீடு பிரேக்கரில் அடிவாங்கி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பர் நசுங்கிக் கசிந்திருக்கிறது. வண்டிக்காரத் தம்பி கைவேலை தெரிந்தவர். புது சேம்பர் வாங்கி, கசியாமல் ஒட்டும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, போல்ட்டுகளைச் சரியான வரிசையில் முறுக்கி மாட்டியிருக்கிறார். அதில் எல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேஸ்ட்டில்தான் தவறிவிட்டார். "மறுபடி கசியவே கூடாதுன்னு நல்லா தாராளமா வெச்சேங்ணா" என்றார்.

வெளியே பிதுங்கிய பேஸ்ட்டை விரலால் வழித்துத் துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அதை யார் துடைப்பது? சூடான ஆயிலில் அது அறுந்து விழுந்து, நேராக ஸ்ட்ரெய்னர் ஜாலிக்குத்தான், அதாவது ஆயில் பம்ப் இழுக்கும் வாயில் உள்ள சல்லடைக்குத்தான் போகும். மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது லைட் மினுக்கியிருக்கிறது. லைட்டை எரியவைக்கும் பிரஷர் சுவிட்ச்சை மாற்றியிருக்கிறார். மறுபடி எரிந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் சொன்னாரென்று இருந்த 5டபிள்யூ-30 ஆயிலை இறக்கிவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறார். லைட் இரண்டு நாள் அணைந்திருந்ததாம். பிறகு இன்ஜினுக்குள் "டொக் டொக்" சத்தம். சேம்பரை இறக்கிப் பார்த்தேன். ஜாலியில் பாதிக்கு மேல் சாம்பல் நிறப் பேஸ்ட் நூல்நூலாகச் சுற்றிக் கிடந்தது. மூன்றாவது சிலிண்டர் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் உள்ளது) இடம்விட்டுச் சுழன்று, அது உட்காரும் கிராங்க் ஜர்னல் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது.

கூட அவருடைய அப்பா வந்திருந்தார், தோட்டம் வைத்திருப்பவர். அவரிடம் கேட்டேன்: "ஏனுங்க ஐயா, கெணத்து மோட்டார்ல தண்ணி கம்மியா வந்தா மொதல்ல என்ன பாப்பீங்க?"

"ஃபுட்வால்வுல பாசி அடைச்சிருக்கான்னு பாப்பனுங்க."

இன்ஜினுக்கும் அதே கணக்குதான். ஜாலி அடைத்த ஃபுட்வால்வு வழியாகத் தண்ணீருக்குப் பதில் கூழை இழுக்கச் சொன்னால் மோட்டார் என்ன செய்யும்? ஆயில் பம்ப் தள்ளும் பக்கத்தில் 60, 70 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை தள்ளும். இழுக்கும் பக்கத்தில் அதற்குக் கிடைப்பது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே, அது 15 பிஎஸ்ஐக்கும் குறைவு. அந்தச் சின்ன பலத்தில் கெட்டி ஆயில் அடைப்பைத் தாண்டிப் போதுமான அளவு வராது. ஏற்கெனவே பசியில் கிடந்த பேரிங்கின் வாயை இன்னும் கட்டிவிடுகிறீர்கள். அப்படியானால் இரண்டு நாள் லைட் ஏன் அணைந்தது? பிரஷர் என்பது பம்ப் மட்டும் உண்டாக்குவதல்ல. பம்ப் ஆயிலை நகர்த்துகிறது, பேரிங் இடுக்குகளில் அந்த ஆயில் வழிய மறுப்பதால்தான் பிரஷர் எழும்புகிறது. ஆயில் கெட்டியானால் வழிவது குறையும், மீட்டர் முள் கொஞ்சம் ஏறும். ஆனால் பேரிங்கைக் காப்பாற்றுவது முள் அல்ல, அங்கே போய்ச் சேரும் ஆயில்.

"தேய்ந்த பேரிங்குக்காவது கெட்டி ஆயில் ஊற்றலாமே" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 0.04 மி.மீ. என்று வையுங்கள். அது தேய்ந்து 0.08 ஆனால் வழியும் ஆயில் இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். ஆயிலைப் பாருங்கள். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடின் (5டபிள்யூ-30இல் உள்ள 30) பிசுக்கு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. கூடுவது சுமார் இரண்டு மடங்குதான். எட்டு மடங்கு ஓட்டையை இரண்டு மடங்கு கெட்டியால் அடைக்கவே முடியாது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் அந்த ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரைக்கும் ஏறத் தாமதமாகிறதே, அந்த நஷ்டம் தனி.

சுவிட்ச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சுவிட்ச் 4 முதல் 7 பிஎஸ்ஐக்குள் ஓரிடத்திலேயே லைட்டை அணைத்துவிடும். லைட் அணைந்திருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், பிரஷர் சரியாக இருக்கிறது என்று அல்ல. ஒற்றை வயர் சுவிட்ச்சுக்கு எர்த் கிடைப்பதே அதன் மரை வழியாகத்தான். பிளம்பர் மாதிரி டெஃப்லான் டேப்பைச் சுற்றி மாட்டினால் எர்த் அறுந்து, பிரஷரே இல்லாவிட்டாலும் லைட் எரியாமல் போகலாம். தயவுசெய்து அங்கே டேப் சுற்றாதீர்கள்.

லைட் எரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்ஜினை நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து, சுவிட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் காட்டும் முள் கேஜ் மாட்டுங்கள். நிறைய ஜப்பான் வகை இன்ஜின்களில் அது அரைக்கால் இஞ்ச் பிஎஸ்பி மரை. கேஜ் விலை ஒரு சர்வீஸுக்கான ஆயில் விலைகூட வராது. ஸ்டார்ட் செய்து ஐந்து விநாடியில் முள் அசையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அசைந்தால் அது எப்படி அசைகிறது என்று கவனியுங்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

ஐடிலில் ஓரளவு காட்டி, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க முள் இறங்கினால் இழுக்கும் பக்கம் அடைப்பு. தம்பியின் வண்டியில் கேஜ் மாட்டியிருந்தால் இரண்டே நிமிடத்தில் இது தெரிந்திருக்கும். நசுங்கிய சேம்பர் ஜாலியின் வாயை முட்டிக்கொண்டு நின்றாலும் இதே அறிகுறிதான். முள் நடுங்கினால் ஆயிலோடு காற்று போகிறது. ஜாலியிலிருந்து பம்ப்புக்குப் போகும் பிக்கப் பைப்பின் ஓ ரிங்கை (ரப்பர் வளையம்) மறந்திருப்பீர்கள், அல்லது மாட்டும்போது வெட்டியிருப்பீர்கள், அல்லது ஆயில் அளவு குறைவு. அளவுக்கு மேல் ஊற்றினாலும் கிராங்க் அதில் அடித்து நுரை கிளப்பும். எத்தனை ஆர்பிஎம் போனாலும் முள் ஏறாமல் கீழேயே நின்றால் அதிகப் பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வில் துகள் சிக்கித் திறந்து நிற்கலாம், அல்லது பிளாக்கைக் கழுவக் கழற்றிய கேலரி பிளக் (ஆயில் பாதையின் முனையை அடைக்கும் மூடி) ஒன்று மேஜையிலேயே கிடக்கலாம். கோவை கணபதி பகுதி லேத் பட்டறைகளில் பிளாக் கொடுத்து வாங்குபவர்கள் பிளக்குகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். குளிரில் நன்றாக இருந்து, சூடானதும் ஐடிலில் மட்டும் விழுந்தால் பேரிங், பம்ப் தேய்மானம் என்று பொருள். டீசல் வண்டியானால் அதற்கு முன் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஆயிலில் டீசல் இறங்கினால் அளவு ஏறும், பிசுக்கு போய்விடும். கேஜ் சரியாகக் காட்டியும் லைட் எரிந்தால் மட்டுமே சுவிட்ச், வயர் பக்கம் போகலாம். எல்லாரும் முதலில் செய்வது உண்மையில் கடைசியில் செய்ய வேண்டியது.

முள் சொல்லாத விஷயமும் ஒன்று உண்டு. போன மாதம் வந்த வண்டியில் கேஜ் 50 பிஎஸ்ஐ காட்டியது, கிராங்க்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் கருகியிருந்தது. ஆயில் துளை உள்ள பேரிங் பாதி பிளாக் பக்கமும் துளையில்லாதது கேப் பக்கமும் வர வேண்டும். அவர் ஒரு இடத்தில் மாற்றி வைத்துவிட்டார். துளை மூடிக்கொண்டதால் ஆயில் அந்த ஜர்னலுக்குப் போகவே இல்லை. முள்ளுக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டில் வேலை செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் என் மாமாவின் வீட்டு வாசலில்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் சிலவற்றில் கறாராக இருங்கள். பேஸ்ட்டை 3 மி.மீ. கோடாக மட்டும் வையுங்கள், போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாகச் சுற்றி வாருங்கள், ட்யூபில் போட்டிருக்கும் நேரம் காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றுங்கள். பேரிங் மாற்றினால் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளி பாருங்கள், அது உள்ளே இருக்கும்போது கிராங்க்கைச் சுற்றக் கூடாது. பம்ப்பைக் காய்ந்தபடி மாட்டாதீர்கள், உள்ளே ஆயில் விட்டு மாட்டுங்கள். புது ஃபில்டர் போடுமுன் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளைத் துண்டித்து, பத்துப் பத்து விநாடியாக விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அடித்து லைட் அணைகிறதா பாருங்கள். அணைந்த பிறகு எரிபொருளைக் கொடுக்கலாம்.

தம்பியின் கிராங்க் இப்போது லேத்தில் இருக்கிறது. ஜர்னலை 0.010 இஞ்ச் கடைந்து பத்து சைஸில் நிற்குமா, 0.020 கடைந்து இருபதுக்குப் போகுமா என்று நாளை தெரியும். எப்படிப் பார்த்தாலும் 40,000 ரூபாய்க்குக் குறையாது. லைட் முதலில் மினுக்கிய அன்றே நிறுத்தியிருந்தால் சேம்பரை மறுபடி இறக்கி ஜாலியைக் கழுவும் அரை நாள் கூலியோடு முடிந்திருக்கும். உங்கள் வண்டியில் அந்த லைட் எரிந்தால் "பட்டறை வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வந்துடறேங்ணா" என்று மட்டும் சொல்லாதீர்கள். வண்டி நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும். கேஜை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.