பாசமும் ஹெராயினும் திறக்கும் ஒரே பூட்டு

1971 ஜூன். தெற்கு வியட்நாமில் லாங் பின், காம் ரான் வளைகுடா ஆகிய இரண்டு இடங்களில் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய் விமானம் ஏறுவதற்கு முன்னால் சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். அதில் ஹெராயின் தெரிந்தால் பயணம் நின்றுவிடும். சில நாள் அங்கேயே வைத்திருந்து, உடம்பு தெளிந்த பிறகுதான் அனுப்புவார்கள். அங்கே கிடைத்த ஹெராயின் மலிவு, கலப்படமும் குறைவு. ஊசிகூட வேண்டாம், சிகரெட் புகையிலையோடு கலந்து இழுத்தாலே போதும்.

திரும்பிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் லீ ராபின்ஸ் சுமார் 900 பேரைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமையாகியிருந்தார். ஆனால் வீடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் 100க்கு 5 பேர்தான். மூன்று ஆண்டுக் கணக்கில் 12 பேர். நிபுணர்களே நம்பத் தயங்கிய எண்கள் இவை.

இதில் இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. போதையை மூளை தனியாக நினைவில் வைப்பதில்லை. கூட இருந்த ஆள், அந்த நேரம், அந்த வாடை எல்லாவற்றோடும் சேர்த்து முடிந்து வைத்துக்கொள்கிறது. ஏப்ரகாம் விக்ளர் என்ற மருத்துவர் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தார். போதை நின்று மாதக்கணக்கான நோயாளிகள், அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே மூக்கொழுகி, கொட்டாவி விட்டார்கள். காட்டிலும் முகாமிலும் பழகிய ஹெராயினை, வீட்டுத் திண்ணையும் சமையலறையும் நினைவூட்டவில்லை.

இதைச் சொன்னதும், 'பார், மனசு வைத்தால் விட்டுவிடலாம்' என்று சிலர் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். விட முடியாமல் போன அந்தச் சிலருக்கும் மனைவி இருந்தாள். அவள் கேட்ட கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "என்மேல் பாசம் இருந்தால் விடமாட்டாரா?"

பதில் மூளைக்குள் இருக்கிறது. மார்ஃபின், ஹெராயின் வகை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே இருப்பதை 1973ல் காண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். அப்புறம் இரண்டே ஆண்டில், உடம்பே அதே வகைப் பொருளைச் சுரக்கிறது என்பதும் தெரிந்தது. எதற்காகச் சுரக்கிறது? வலியைக் குறைக்க மட்டுமல்ல. தாயைப் பிரித்து வைத்த நாய்க்குட்டிகளுக்கு மயக்கம் வராத அளவில் கொஞ்சம் மார்ஃபின் கொடுத்தார் யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர். குட்டிகளின் அழுகை குறைந்தது. தாயின் அருகாமை செய்யும் வேலையில் ஒரு பகுதியை மருந்து செய்துவிட்டது.

ஏற்பி என்ற அந்த ஒரே பூட்டைத்தான் மனைவியின் கையும் திறக்கிறது, ஹெராயினும் திறக்கிறது. ஆனால் ஹெராயின் வெள்ளமாகப் பாய்வதால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளைத் தொடுகிறாள். அவன் சுவரைப் பார்த்தபடி இருக்கிறான். பாசம் போய்விட்டது என்று அவள் நினைக்கிறாள். போனது பாசம் என்று சொல்ல முடியாது. பாசத்தை உணரவைக்கும் கருவி மழுங்கியிருக்கிறது. நிறுத்திய பிறகு அது திரும்ப வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்.

போர் இன்னொரு முடிச்சையும் போடுகிறது. மூளைத்தண்டில் நீல நிறத்தில் ஒரு சின்னத் திட்டு உண்டு. அபாய மணி மாதிரி. போரைப் பார்த்தவனுக்கு அது ஓயாமல் அடிக்கும். கதவு படாரென்று சாத்தினால் துள்ளி எழுவான், இரவில் வியர்த்து விழிப்பான். ஹெராயின் அந்தத் திட்டை அமுக்கி வைக்கும். நிறுத்தினால் அது முன்னைவிட வேகமாகக் கிளம்பும். அதனால் விடுகிற முயற்சியே அவனுக்குப் போர்க்களம் திரும்பி வந்த மாதிரி இருக்கும். அந்தத் திட்டை அடக்கும் குளோனிடின் என்ற இரத்தக் கொதிப்பு மாத்திரை இந்த வேதனையைத் தணிக்கும் என்று 1978ல் தெரியவந்தது.

சரி, மனைவி என்ன செய்யலாம்? மாசசூசெட்ஸில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் டிமதி ஓ'ஃபாரல் என்ற உளவியலாளர் குடிக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு மனைவியோடு சேர்த்தே உட்காரவைத்தார். பிறகு இந்த முறை போதை மருந்துக்கும் வந்தது. தினமும் குறித்த நேரத்தில் கணவன், "இன்றைக்குத் தொடமாட்டேன்" என்று சொல்ல வேண்டும். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் அவள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அவள் நன்றி சொல்வாள், நாட்காட்டியில் குறிப்பாள். பழைய குடியைப் பற்றியோ, நாளைய பயத்தைப் பற்றியோ வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது. அதற்குச் சிகிச்சை அறை இருக்கிறது. அடி உதை நடக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது, அங்கே முதலில் அவளுடைய பாதுகாப்புதான்.

கேட்க ரொம்பச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அவள் பாக்கெட்டைச் சோதிக்கவில்லை, கண்ணைப் பார்த்துச் சந்தேகப்படவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு இருவரும் வந்து உட்காருகிறார்கள்.